புள்ளிராஜாவின் மகள்

என் வயதுப் பெண்களுக்கு அந்த விளம்பரம் மறந்திருக்காது. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களிலும் பேருந்து நிலையங்களிலும் ஒரே ஒரு கேள்வி எழுதப்பட்டிருந்தது: ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ யார் இந்தப் புள்ளிராஜா என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விருத்தாசலம் டீக்கடைகளில் ராஜா என்று பெயர் வைத்திருந்தவர்களெல்லாம் கேலிக்கு ஆளானார்கள். பெண்கள் நாங்கள் அந்தச் சுவரைப் பார்க்காதது போலக் கடந்துபோனோம். அது எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் என்பதும், ஆணுறை இல்லாமல் ‘வெளியில்’ போகிற ஆண்தான் புள்ளிராஜா என்பதும் பிறகுதான் தெரியவந்தன.

அந்த விளம்பரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வீட்டுக்குள் உச்சரிக்க முடியாத சில சொற்களை அது தெருவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் இத்தனை வருடம் கழித்து அந்தக் கேள்வியைத் திரும்ப வாசிக்கும்போது உறுத்துகிறது. அதில் ஓர் ஆள்தான் இருக்கிறான். அவனுக்கு வருமா வராதா என்பதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது. வந்தால், அவனிடமிருந்து அடுத்து யாருக்கு வரும்? வீட்டில் மனைவி இருப்பாள். அவள் கர்ப்பமாக இருக்கலாம். அந்த வருடங்களில் புள்ளிராஜாவுக்கு ஒரு மகள் பிறந்திருந்தால் இன்று அவளுக்கு இருபது வயது கடந்திருக்கும். அவளைப் பற்றி எந்தச் சுவரும் கேட்கவில்லை.

தாயின் கருவிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ ஹெச்.ஐ.வி. தொற்றைப் பெற்று, குழந்தையாகச் சிகிச்சைக்குள் வந்து, இப்போது பெரியவர்களுக்கான சிகிச்சைக்குள் நுழைந்திருக்கும் ஒரு தலைமுறை நம்மிடையே இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தத் தலைமுறையின் பெண்களைப் பற்றியது. அதைவிடவும், அவர்களை நாம் எந்தக் கதைக்குள் வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பற்றியது.

*

நம் சமூகம் சொல்லும் ஹெச்.ஐ.வி. கதையில் தொடக்கம் முதலே இரண்டு பாத்திரங்கள்தான். ஒருவர் பாவம் செய்தவர். மற்றது பாவம் அறியாத குழந்தை.

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், பாலியல் தொழில் செய்த பெண்களிடம் இரத்த மாதிரிகள் எடுத்தார். அவை வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. இரண்டு பெண்கள் முன்நின்று செய்த, நாட்டின் போக்கையே மாற்றிய வேலை அது. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு பொதுப்புத்திக்குள் போய்ச் சேர்ந்தபோது ‘அந்த மாதிரிப் பெண்களிடமிருந்து வருகிற நோய்’ என்று சுருங்கிவிட்டது. அந்தப் பெண்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

பிறகு வந்தவை இரண்டு தொடர்கள். ‘ஆட்கொல்லி நோய்’ என்பது ஒன்று. ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்பது மற்றொன்று. முதலாவது பயமுறுத்தியது, இரண்டாவது அறிவுரை சொன்னது. அந்த அறிவுரையின் பொய்யை நாமக்கல் பகுதியிலிருந்து வந்த கௌசல்யா தன் வாழ்க்கையால் காட்டினார். பெரியவர்கள் முடித்துவைத்த திருமணத்தில், கணவரிடமிருந்து அவருக்குத் தொற்று வந்தது. முகத்தையும் பெயரையும் மறைக்காமல் பேசிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர் அவர். 1998-ல் தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் அமைப்பைத் தொடங்கினார். இந்தியாவில் ஹெச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு அது கணவன் வழியாகவே வந்தது. ஒருவனுக்கு ஒருத்தியாக இருந்ததுதான் அவர்கள் செய்தது. அந்த அறிவுரை அவர்களைக் காப்பாற்றவில்லை. தொற்று வந்த பிறகு, அதே அறிவுரை அவர்களைச் சந்தேகிக்க மட்டும் பயன்பட்டது.

சினிமாவும் இதே தடத்தில்தான் நடந்தது. 2007-ல் வந்த ‘மிருகம்’ படத்தில் நோய், முரடன் ஒருவனுக்குக் கிடைக்கும் தண்டனை. அவன் கொடுமையைச் சகித்த மனைவியே கடைசியில் அவனுக்குப் பணிவிடை செய்கிறாள். பத்மப்ரியா அந்தப் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்திருந்தார். ஆனால் அவளுக்குச் சிகிச்சை உண்டா, அவள் எப்படி வாழ்வாள் என்ற கவலை கதையின் மையத்துக்கு வரவே இல்லை. நம் ரேவதி 2004-ல் இந்தியில் இயக்கிய ‘ஃபிர் மிலேங்கே’ ஒரு விதிவிலக்கு. அதில் தொற்றுள்ள பெண் வேலையை இழக்கிறாள், நீதிமன்றத்தில் நிற்கிறாள். தண்டனை அனுபவிப்பவளாக அல்லாமல் உரிமை கேட்பவளாக நிற்கிறாள். தமிழில் அப்படி ஒருத்தியை நான் பார்க்கவில்லை.

பாவம் செய்தவருக்கு நேர் எதிரே குழந்தை. 2003-ல் கேரளத்தில் ஹெச்.ஐ.வி. தொற்றுள்ள, பெற்றோரை இழந்த, உடன்பிறந்த குழந்தைகள் இருவரைப் பள்ளியில் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அவர்களைக் கட்டியணைத்தார். அந்தப் படம் நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது. அது செய்த நன்மையும் உண்மை. அந்த இருவரும் இன்று உயிரோடு இல்லை. இளம் வயதிலேயே இறந்துவிட்டார்கள். குழந்தையாக இருந்தபோது அவர்களைச் சுற்றி நின்ற கேமராக்கள், அவர்கள் வளர்ந்தபோது அங்கே இல்லை.

இங்கேதான் என் விமர்சனம் தொடங்குகிறது. ‘அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது?’ என்று நாம் கண்ணீரோடு கேட்கிறோம். கேட்கும்போதே, மற்றவர்கள் பாவம் செய்தவர்கள்தான் என்று ஒப்புக்கொள்கிறோம். குழந்தையின் மீதான இரக்கம் அதன் தாயின் மீதான பழியில் நிற்கிறது. அந்த இரக்கத்துக்குக் காலாவதித் தேதியும் உண்டு. பிள்ளை வளர்ந்து பெண்ணானதும் அவளும் பழியின் பக்கம் தள்ளப்படுகிறாள். மாத்திரை வரிசையில் நிற்கும் இருபது வயதுப் பெண்ணைப் பார்த்து யாரும் ‘பிறவியிலேயே வந்ததோ’ என்று நினைப்பதில்லை.

*

இந்தத் தலைமுறை வளரும் என்று ஒரு காலத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. சிகிச்சை இல்லாவிட்டால், தாயிடமிருந்து தொற்று பெற்ற குழந்தைகளில் பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. 2006 இறுதியில் குழந்தைகளுக்கென்று தனித் திட்டம் வந்தது. தாய் தகப்பன் இறந்த வீடுகளில் பாட்டிகள் அந்தக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். மருந்து வேலை செய்தது. பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

மேலை நாடுகளில் இந்த வளர்ச்சி ஒரு தெளிவான இடமாற்றம். குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து பெரியவர்கள் மருத்துவமனைக்கு. தெரிந்த டாக்டரிடமிருந்து தெரியாத டாக்டரிடம். அந்த இடைவெளியில் பல இளைஞர்கள் சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள் என்பதால் அதற்கென்று தனி கிளினிக்குகள் நடத்துகிறார்கள். நம்மிடம் பெரும்பாலும் ஒரே ஏ.ஆர்.டி. மையம்தான். குழந்தையும் பெரியவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கட்டடம் மாறாததால், எதுவுமே மாறவில்லை என்று தோன்றும். உண்மையில் எல்லாமே மாறுகிறது. ஆனால் எப்போது மாறுகிறது என்பதில் ஒருவருக்கொருவர் உடன்படுவதில்லை.

மருந்தைப் பொறுத்தவரை 30 கிலோ எடை வந்தால் பெரியவர்களுக்கான மாத்திரை. பொது மருத்துவமனைகள் பலவற்றில் 12 வயது முடிந்தால் குழந்தைகள் வார்டு இல்லை. சட்டத்துக்கு 18. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள் 18-ல் வெளியேற வேண்டும். அதன் பிறகான பராமரிப்பு பொதுவாக 21 வரைதான். இதே நாட்டில் ஹெச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் 2017, பெற்றோர் இல்லாத வீட்டைக் கட்டிக்காக்கும் 12 வயதுப் பிள்ளையைக்கூட, போதிய பக்குவம் இருந்தால், தம்பி தங்கைகளுக்குக் காப்பாளராக ஏற்கிறது. பள்ளியில் சேர்க்கலாம், வங்கிக் கணக்கைக் கையாளலாம், சிகிச்சைக்கு அழைத்துப்போகலாம். எத்தனை சிறுமிகள் அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருந்திருந்தால் இப்படி ஒரு பிரிவு சட்டத்துக்குள் வந்திருக்கும்!

தமிழ் வாசித்தவர்களுக்கு இது புதிதல்ல. உலா இலக்கியம் பெண்ணின் வயதை ஏழாகப் பிரித்தது. 5 முதல் 7 வரை பேதை, 8 முதல் 11 வரை பெதும்பை, பிறகு மங்கை, மடந்தை என்று 40 வயதுப் பேரிளம்பெண்ணில் அது முடியும். வீதியில் பவனி வரும் தலைவன் மீது அவளுக்கு எவ்வளவு காதல் பிறக்கிறது என்பதே அந்தப் பிரிவுகளின் அளவுகோல். அவளுக்கு என்ன தெரியும், என்ன வேண்டும் என்பது அதில் கணக்கில்லை. எடையை வைத்துப் பிரிக்கும் மருத்துவம் உலாவைவிட நேர்மையானது. ஆனாலும் இரண்டுமே அவளை வெளியிலிருந்து அளக்கின்றன.

நம் வீடுகளிலோ இன்னொரு அளவுகோல் இருக்கிறது. ‘பெரியவளாகிவிட்டாள்’ என்றால் தமிழில் ஒரே பொருள்தான். பிறவியிலேயே தொற்றுள்ள பெண்களுக்கு உடல் வளர்ச்சி பிந்தலாம், பூப்பும் தள்ளிப்போகலாம். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் மஞ்சள் நீராட்டு முடிந்த பிறகும் அவளுக்கு இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்கத் தொடங்குவார்கள். எங்கள் ஊருக்கு அருகே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டும் வழக்கம் உண்டு. குறையைத் தாளில் எழுதிச் சாமியிடமே மனு கொடுப்பது. பேத்தி வயதுக்கு வரவேண்டும் என்று அங்கே ஒரு பிராது கட்டிய பாட்டியை எனக்குத் தெரியும். காரணம் என்னவென்று அவருக்கும் தெரியும். அதை மட்டும் அவர் தாளில் எழுதவில்லை. சாமியிடம்கூடச் சொல்ல முடியாத ஒன்றாக இருந்தது அது.

*

அந்தப் பாட்டி எனக்கு அறிமுகமானது என் தவறு ஒன்றின் வழியாக.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் செஞ்சுருள் சங்கத்தின் பொறுப்பு என்னிடம் இருந்தது. டிசம்பர் 1 வந்தால் உறுதிமொழி, பேரணி, கோலப்போட்டி. தமிழாசிரியை என்பதால் கவிதைப் போட்டியும் என் தலையில். வரும் கவிதைகளில் பெரும்பாலானவை ஒழுக்கத்தில் தொடங்கி மரணத்தில் முடியும். தடம் மாறியவனுக்குக் கிடைத்த சம்பளம் என்கிற தொனியில் எழுதப்பட்ட ஒன்றுக்கு நான் முதல் பரிசு கொடுத்தேன். எதுகை நன்றாக இருந்தது. மேடையில் அதை வாசிக்கவும் சொன்னேன்.

அதே வருடம் என் வகுப்பு மாணவி ஒருத்தி மாதம் ஒரு நாள் தவறாமல் விடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். வருகைப்பதிவு குறைந்தது. காரணம் கேட்டேன், சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும், ‘வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வா’ என்றேன். மறுநாள் ஆயாவோடு வந்தாள். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் அகல் விளக்குகளை அடுக்கியும் பிரித்தும் கூலி வேலை செய்தவர் அவர். என் முன்னால் உட்கார மறுத்து, நின்றுகொண்டே சொன்னார்: “ரத்தம் கம்மியா இருக்குதும்மா. சத்து மாத்திரை வாங்கப் போவுது.” அவர் பொய் சொல்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. எதற்காக என்பது தெரியவில்லை. மருத்துவச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னேன்.

அந்தச் சான்றிதழ் வரவே இல்லை. அபராதம் கட்டித் தேர்வு எழுதினாள். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து என்னைத் தேடிவந்து அவளாகவே சொன்னாள். ‘சத்து மாத்திரை’ என்பது ஆயா எனக்காகச் சொன்ன பொய் அல்ல. பதினைந்து வயதுவரை அவளிடமே சொல்லப்பட்ட பொய். பள்ளிப் புத்தகத்தில் எய்ட்ஸ் பாடத்தில் இருந்த சிவப்பு ரிப்பன் படமும், மாத்திரை வாங்கும் இடத்தில் சுவரில் இருந்த படமும் ஒன்று என்று ஒருநாள் அவளுக்குப் புரிந்தது. பாடத்தில் ‘முறையற்ற உறவு’ என்று இருந்தது. அப்படியென்றால் அம்மா யார் என்று அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். நோயின் பெயரையும் தாயின் மீதான அவதூறையும் அவள் ஒரே பக்கத்தில் படித்தாள்.

“அன்னிக்கு அந்தக் கவிதைக்கு எல்லாரும் கைதட்டினாங்க மேடம். நானும் தட்டினேன்” என்றாள்.

அவளைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் இதையும் எழுதியிருக்கிறேன். ஒருவரின் தொற்று நிலையை வெளியிடும்படி, நீதிமன்ற ஆணை இல்லாமல் யாரும் அவரை வற்புறுத்தக்கூடாது என்று 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் சொல்கிறது. நான் கேட்ட சான்றிதழ் என்னவாக இருந்தது என்பதை அந்தச் சட்டத்தைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

*

பெரியவர்களுக்கான சிகிச்சை என்பது பெரிய மாத்திரை அல்ல. பாட்டியின் சுருக்குப்பையில் ரேஷன் கார்டோடு இருந்த பச்சைப் புத்தகம் பேத்தியின் கைக்கு வருகிறது. அடுத்த தேதி எப்போது, வைரல் லோடு எவ்வளவு என்பதெல்லாம் இனி அவள் பொறுப்பு. ஹாஸ்டலில் மாத்திரை டப்பா குலுங்கிச் சத்தம் போடாமல் இருக்க உள்ளே பஞ்சு அடைக்க வேண்டும். லேபிளைக் கிழிக்க வேண்டும். துணிக்கடையிலோ பட்டறையிலோ வேலைக்குச் சேர்ந்தால் மாதாந்திர விடுப்புக்கு ஒரு கதை தயாராக இருக்க வேண்டும்.

இவற்றைவிடக் கடினமானது ஆசையைப் பற்றிய கேள்வி. 17 வயதுப் பெண் தனக்கொரு காதலன் இருப்பதாகவும் அவனோடு உடலுறவு இருப்பதாகவும் ஆலோசகரிடம் சொன்னால், போக்சோ சட்டப்படி அவர் அதைப் புகாராகத் தெரிவிக்க வேண்டும். எனவே அவள் சொல்ல மாட்டாள். அவரும் கேட்க மாட்டார். பதினெட்டு முடிந்த மறுநாள் அதே பெண்ணிடம் பெரியவர்களுக்கான கேள்விப்பட்டியலை நீட்டுவோம்: துணை இருக்கிறாரா, அவருக்குத் தெரியுமா, ஆணுறை பயன்படுத்துகிறீர்களா. முந்தைய நாள்வரை ஆசையே இல்லாத குழந்தை. மறுநாள் எல்லாம் தெரிந்த, ஆபத்தான பெண். நடுவில் அவள் கற்றுக்கொள்ள நாம் ஒரு நாளைக்கூட ஒதுக்கவில்லை.

அவளுக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டியவை எளிமையானவை. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்து, அது அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியாக இன்னொருவருக்குத் தொற்று போகாது. இது ஆறுதல் வார்த்தை அல்ல, நிறுவப்பட்ட உண்மை. எந்தத் தடுப்பும் இல்லாதபோது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 100-க்கு 15 முதல் 45 வரை. உரிய சிகிச்சையில் அது 5-க்கும் கீழே இறங்குகிறது. அவள் காதலிக்கலாம், பிள்ளை பெறலாம், இரண்டும் வேண்டாம் என்றும் இருக்கலாம். துணையிடம் சொல்வது குறித்தும் சட்டம் அவளை நினைத்துப் பார்த்திருக்கிறது. சொன்னால் வன்முறையோ கைவிடப்படுதலோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்களின் விஷயத்தில், மருத்துவர் துணையிடம் தெரிவிக்கக்கூடாது என்கிறது. எப்படி வந்தது என்று கேட்காமல் உரிமை தருகிற மொழி சட்டத்துக்குக் கைவந்திருக்கிறது. நம் கவிதைப் போட்டிகளுக்கு இன்னும் வரவில்லை.

ஜிம்பாப்வேயில் 2004-ல் சில இளம்பிள்ளைகளின் சிறு குழுவாகத் தொடங்கியது ‘ஸ்வாந்திரி’. ஷோனா மொழியில் அதற்கு ‘நான் இருக்கிறபடி’ என்று பொருள். தொற்றோடு வளர்ந்த இளைஞர்களே பயிற்சி பெற்று, தங்களைவிடச் சிறியவர்களின் வீடுகளுக்குப் போகிறார்கள். மாத்திரையைப் பற்றியும் காதலைப் பற்றியும் பேசுகிறார்கள். இப்படி ஓர் அக்காவோ அண்ணனோ கிடைத்த பிள்ளைகளின் உடலில் கிருமி நன்றாகக் கட்டுப்பட்டிருப்பதை ஆய்வும் காட்டியிருக்கிறது. கொல்கத்தாவில் 2018-ல் தொடங்கிய கஃபே பாசிட்டிவை, குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த, தொற்றுள்ள இளைஞர்களே நடத்துகிறார்கள். நம் மாவட்டங்களிலும் பாசிட்டிவ் பெண்களின் கூட்டமைப்புகள் இருக்கின்றன. கணவனை இழந்து, மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, அதன் பிறகு மருந்தின் பெயர்களையும் மனு எழுதுவதையும் கற்றுக்கொண்ட பெண்கள் அவர்கள். அவர்களுக்குத் தெரிந்ததை இந்தப் பெண்களுக்குக் கடத்த ஓர் அறையும் போக்குவரத்துச் செலவும் மாதச் சம்பளமும் போதும். பல இடங்களில் அந்தச் சம்பளம்தான் முதலில் வெட்டப்படுகிறது.

மருத்துவத் துறை செய்ய வேண்டியவை இவை. எழுதுகிறவர்களும் கற்பிக்கிறவர்களும் செய்ய வேண்டியது வேறு. ‘பாவம் அறியாத குழந்தை’ என்ற தொடரை நாம் கைவிட வேண்டும். பாவம் என்ற சொல்லை எடுத்துவிட்டால், அந்தக் குழந்தையோடு சேர்த்து அதன் தாயும், அந்தத் தாய்க்கு முன்னால் 1986-ல் இரத்தம் கொடுத்த பெண்களும் வெளியே வருவார்கள். அவர்களை விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் காப்பாற்ற முடியாது. ஏனென்றால் குழந்தை வளர்ந்து அவர்களோடுதான் போய் நிற்கப்போகிறது.

என் மாணவிக்குக் கல்யாணம் ஆனதா, யாரோடு, அவனுக்குத் தெரியுமா என்று இதை வாசிக்கும் உங்களில் சிலருக்குக் கேட்கத் தோன்றியிருக்கும். அவள் வந்துபோன அன்று எனக்கும் தோன்றியது. கேட்கவில்லை. புள்ளிராஜாவைக் கேட்ட அதே சுவர்தான் நமக்குள்ளும் இருக்கிறது. அவள் வேலைக்குப் போகிறாள். பச்சைப் புத்தகம் அவளிடம் இருக்கிறது. ஆயாவின் பஸ் செலவு மிச்சம்.